கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு வெள்ளைக் கால்சட்டை

1

ஒப்புக்கொண்டு விடுகிறேன், இது கோபத்தில் எழுதியது. ஜப்பானில், எஹிமேயில் ஒரு மேல்நிலைப் பள்ளி. அதன் பெண்கள் பேஸ்பால் அணிக்குச் சீருடை தைத்துத் தரும் கடையில் பதினாறு வருடமாக ஆர்டர் எடுக்கிறேன். கதை எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் இந்த எரிச்சலை வேறு எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

மூன்று தொடக்கங்களைக் கிழித்துப் போட்டேன். ஒன்று மிச்சம் இருக்கிறது: "வெள்ளை தூய்மையின் நிறம். அந்த இனிய காலைப்பொழுதில் மைதானம்..."

தூய்மையாம், மண்ணாங்கட்டி!

2

நாகிசாவுக்குப் பதினேழு வயது. அணித்தலைவி, பந்து பிடிக்கும் கேட்சர். ஆட்டம் முழுக்க நடுவருக்கு முன்னால், பின்பக்கம் ஊருக்கெல்லாம் தெரியக் குந்தியிருக்க வேண்டியவள்.

வசந்தகாலத்தில் பையன்கள் அணி ஒன்றோடு பயிற்சி ஆட்டம். பாதியில், பந்து வீசும் சிஹோ ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடிவந்தாள். நாகிசாவின் முதுகோடு ஒட்டி நடந்து அவளை வெளியே கூட்டிப்போனாள். எதிர் அணிப் பையன்கள்... (இங்கே அவர்கள் சிரித்ததை எழுதி அடித்துவிட்டேன். சிரிக்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அது இன்னும் மோசம்.) அதன் பிறகு மாதாமாதம் நாகிசா நாள் எண்ணினாள்.

பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் அந்தப் பள்ளியில் சீருடை மாதிரி மாறும். அது இந்த வருடம். இதை விட்டால் இன்னும் பத்து வருடம் வெள்ளைதான். கோடைப் போட்டியோடு நாகிசா விலகிவிடுவாள். அவள் கேட்டது பின்னால் வருகிறவர்களுக்காக, கருநீலக் கால்சட்டை.

3

சீருடைக்குப் பணம் தரும் பழைய மாணவர் சங்கத்தின் கூட்டம். ஆண்கள் ஏழு பேர். தலைவர் கராசாவா.

"ஏம்மா, வெள்ளைக்கு என்ன கொறைச்சல்?"

"கறை தெரியுதுங்க ஐயா."

"தெரியட்டுமே! மண்ணு தெரியத்தானே வெள்ளை! பள்ளி வாசல்ல கண்ணாடிப் பெட்டியில இருக்கே நான் ஆடின மண்ணுச் சட்டை, நாப்பத்தஞ்சு வருஷமா தண்ணி பட்டதில்ல."

"மண்ணு இல்லீங்க ஐயா."

"பின்ன?"

நாகிசாவின் காது சிவந்தது. பயிற்சியாளர் ஒகுதா தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

[முதல் பிரதியில் இங்கே ஒரு கடைக்காரர் வருகிறார். நாற்பது வயது, மூக்குக்கண்ணாடி, மடியில் துணி மாதிரிகள். பேசாமல் மேசையையே பார்க்கிறார். இந்த ஆள் மேல் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. எல்லாம் தெரிந்தவர் ஏன் வாயைத் திறக்கவில்லை? கடைசியில் பிடிபட்டது. அப்படி ஓர் ஆளே கிடையாது. அங்கே உட்கார்ந்திருந்தது நான்.* அந்தப் பெண் சொல்ல முடியாததை நான் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். கருநீலத் துணியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.]

"கோடைப் போட்டி முடியட்டும், பாக்கலாம்" என்று கராசாவா எழுந்தார்.

* ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடுமோ என்ற பயம். வேறு காரணம் இல்லை.

4

போட்டி நாள். முந்தைய வாரம் பயிற்சியாளர் கையால் வாங்கிய எண் துணியை ஆளாளுக்குச் சட்டை முதுகில் தைத்து வந்திருந்தார்கள். நாகிசாவின் எண் இரண்டு.

"இன்னைக்கா?" என்றாள் சிஹோ.

"இன்னைக்குத்தான்டி."

"மாத்து பேன்ட் இருக்கா?"

"இருக்கு. அதுவும் வெள்ளைதானே, லூசு!"

பயிற்சித் திடலில் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். சிஹோ அதைப் பார்த்தாள். ஓடிப்போய் ஈரமண்ணில் உட்கார்ந்தபடியே சறுக்கினாள். எழுந்தபோது பின்பக்கம் முழுக்கச் செம்பழுப்பு. அடுத்து இன்னொருத்தி. பிறகு நாகிசாவும் சேர்த்துப் பதினெட்டுப் பேரும்.

"பைத்தியம் பிடிச்சிருச்சா உங்களுக்கு?" என்று ஒகுதா கத்தினார். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

[முடிவு ஒன்று: கடைசிச் சுற்றில் நாகிசா அடித்த பந்து வானத்தில்... வேண்டாம். மூன்றுக்கு நான்கு, தோற்றார்கள்.]

[முடிவு இரண்டு: கராசாவாவுக்கு எல்லாம் புரிகிறது, தலை குனிகிறார். எழுதிப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.]

5

நடந்தது இதுதான். ஆட்டம் முடிந்ததும் கராசாவா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஆட்டத்துக்கு முன்னாடியே மண்ணுல உருண்டுட்டு வந்திருக்குதுங்க பாருய்யா! இதுதான் நம்ம பள்ளி! தலைவிப் பொண்ணே, உன் பேன்ட்டை என் சட்டைக்குப் பக்கத்துல வைக்கப்போறேன்."

"அப்படியேவா, ஐயா?"

"அப்படியே. ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது."

மண்ணுக்குக் கண்ணாடிப் பெட்டி! மற்றதற்குப் பெயர்கூடச் சொல்லக்கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

6

மறுநாள் நாகிசா கடைக்கு வந்தாள். பெட்டியில் வைக்கும் பெயரட்டையும் எங்கள் கடையில்தான் அச்சாகும். பையைத் திறந்து கால்சட்டையை மேசைமேல் விரித்தாள்.

"அக்கா, இதுல மண்ணு மட்டும் இல்ல."

"தெரியும்மா."

"அன்னைக்குக் கூட்டத்துலயும் உங்களுக்குத் தெரியும்ல?"

இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் பதில் எழுதினேன். அதையும் கிழித்துவிட்டேன்.

"அட்டையில என்ன போடப்போறீங்க?" என்றாள்.

ஆர்டர் படிவத்தில் நிறத்துக்கான கட்டம் இன்னும் காலி. பக்கத்தில் பெயரட்டை, அதுவும் காலி. அன்று வாயை மூடிக்கொண்டிருந்தவளிடம் முடிவைக் கேட்காதீர்கள். பேனாவை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். "மண்" என்று மட்டும் எழுதினாலும் நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் நாகிசா இன்னும் போகவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.