விட்டுவிடு என்பதற்கு ஓர் இங்கிலீஷ்

பிலவேந்திரனுக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை தேவைப்பட்டது. எரிந்துபோன எந்த மோட்டாருக்கும் காயில் கட்டி உயிர் கொடுக்கிற மனிதர், அந்த ஒரு வார்த்தைக்காகக் காலையிலிருந்து பக்கத்து செல்போன் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வல்லத்திலிருந்து மோட்டாரோடு வந்தவரைக்கூட "மத்தியானம் வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வார்த்தை மருமகளுக்கு, 'விட்டுவிடும்மா' என்று சொல்ல. மகன் விக்டர் பெங்களூரில் காதலித்துக் கட்டிக்கொண்ட பன்ரி, மேகாலயாக்காரி. அவளுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் இருவருக்கும் நன்றாகத்தான் ஒத்துப்போனது. கருவாட்டுக் குழம்பை அவள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அன்றே மாமனார் கவிழ்ந்துவிட்டார்.

எல்லாம் கெட்டது டம்ளரால். போன மாதம் கைக்குழந்தையோடு செஞ்சிக்கு வந்தார்கள். பேத்திக்கென்று வெள்ளி டம்ளர் வாங்கி, 'பி.வி.அமெலியா' என்று பெயர் வெட்டி வைத்திருந்தார். பி என்றால் பிலவேந்திரன், வி என்றால் விக்டர். யாரையும் கேட்கவில்லை. கேட்பானேன், தன் பேத்திக்குத் தன் இனிஷியல்! பன்ரி சிரித்துக்கொண்டே, தங்கள் ஊரில் பிள்ளைக்கு அம்மாவின் குடும்பப் பெயர்தான், இவள் அமெலியா லிங்டோ என்றாள். விக்டர் அதை அப்படியே தமிழில் சொன்னான். மடையன், கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

"எங்க பேரு வேணாம்னா எங்க டம்ளரும் வேணாம்" என்று குழந்தை கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார் பிலவேந்திரன். குழந்தை வீறிட்டது. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் போனவர்கள்தான். தினமும் வருகிற வீடியோ கால் நின்றுபோனது. அமெலியாவுக்குப் பல் முளைத்ததுகூட மனைவி எஸ்தர் சொல்லித்தான் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் ஞானஸ்நானம். எஸ்தரைக் கூப்பிட்டிருந்தார்கள். "நைனாவ?" என்று அவள் கேட்டதற்கு விக்டர் பேச்சை மாற்றிவிட்டான்.

"ஃபர்கெட் இட்னு போடட்டா?" என்றார் கடைக்காரர் அமீர் ஜான். குவைத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து திரும்பியவர்.

"அப்டின்னா?"

"மறந்துடுன்னு. ஆனா எங்க மேனேஜரு கோவத்துலதான் சொல்லுவாரு. சொல்லிட்டுக் கதவ டமால்னு சாத்துவாரு."

"கதவெல்லாம் வேணாம்பா."

"கிவ் அப்?"

"அதுக்கு இன்னா?"

"தோத்துட்டேன்னு வரும்."

"யாரு தோத்தது? வேற சொல்லு."

"லெட் கோ... வேணாம். கம்பெனில என்ன ஊட்டுக்கு அனுப்பறப்ப அத்தத்தான் சொன்னாங்க." அமீர் ஜானின் முகம் கொஞ்சம் வாடியது. "நடுவுல ஒரு 'இட்' போட்டா சரியாப் பூடும். லெட் இட் கோ. போனது போவட்டும், உட்டுடும்மான்னு மெதுவாச் சொல்றது."

பிலவேந்திரனுக்கு அது பிடித்திருந்தது. அனுப்பப் போகிற நேரத்தில் சாப்பாட்டுக் கேரியரோடு எஸ்தர் வந்து நின்றாள். அமீர் ஜான் படித்துக் காட்டி, அர்த்தமும் சொன்னார்.

"நல்லா இருக்குது நாயம்" என்றாள் எஸ்தர். "அந்தப் பொண்ணயே உடு உடுன்னு சொன்னா எப்டி? நீ இன்னாய்யா உட்ட? டம்ளரு எங்க இருக்குது?"

டம்ளர் அவர் கடை டிராயரில், செம்புக் கம்பிச் சுருளுக்கு அடியில் இருந்தது. தினமும் எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி அங்கேயே வைப்பார். இத்தனை நாள் கோபம் என்று நினைத்திருந்தது வெறும் வெட்கம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பச்சைப் பிள்ளையிடம் போய்ப் பிடுங்கியிருக்கிறோமே!

சாப்பிடாமல் எழுந்து போனார். சாயங்காலம் புது டம்ளரோடு வந்தார். பன்ரியும் படிக்கிற மாதிரி இங்கிலீஷ் எழுத்தில் 'அமெலியா லிங்டோ'. இனிஷியல் கிடையாது. பெயர் வெட்டியவர் "இது இன்னா பேருங்க?" என்று கேட்டதற்கு, "என் பேத்தி பேரு" என்று அதட்டிவிட்டு வந்திருந்தார்.

அமீர் ஜான் போட்டோ எடுத்தார். "கீழ இன்னா போடறது? லெட் இட் கோவா?"

"ஒண்ணும் போடாத. அனுப்பு."

பன்ரி பார்த்துவிட்டதாக நீலக் குறி விழுந்தது. பிலவேந்திரன் போனையே முறைத்துக்கொண்டிருந்தார். கடையில் விளக்குப் போடுகிற நேரத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பன்ரிதான் தமிழில் பேசினாள். பின்னாலிருந்து விக்டர் எடுத்துக்கொடுப்பது கேட்டது.

"நைனா... புது டம்ளர் நல்லா இருக்கு. பழைய டம்ளரும் வேணும். அமெலியாக்கு ரெண்டு கை இருக்கு. சண்டே நீங்க வாங்க."

இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"அமீரு, இதுக்கு இங்கிலீஷ்ல எப்டிப் பதிலு போடறது?"

"இதுக்கு எதுக்குய்யா இங்கிலீஷு? பெங்களூரு பஸ்ஸு எப்பன்னு பாரு" என்றார் அமீர் ஜான். "டிராவுல இருக்கற டம்ளர மறந்துட்டுப் பூடாத."