ஆள் தங்காத கொட்டகை

மாவட்ட அலுவலகத்தின் கட்டடப் பிரிவில் சேர்ந்த இரண்டாவது குளிர்காலத்தில், மெங் யுன்சிலிடம் ஒரு பழைய விதிப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். வீடு எது, கடை எது, கொட்டகை எது என்று அதிலிருந்த விளக்கங்களை அவள் திருத்த வேண்டும். ‘விவசாயக் கொட்டகை: கருவிகளும் விளைச்சலும் வைக்கும் இடம், ஆள் தங்காதது’ என்றிருந்தது.

“எழுத்துப் பிழையை மட்டும் பார்த்து வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடும்மா,” என்றார் பிரிவுத் தலைவர். யுன்சில் அப்படி ஒரு கொட்டகையைக் கண்ணால் கண்டதில்லை. பியோ என்பவரின் கீரைப் பண்ணைக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, மறுநாள் காலை காரில் போனாள்.

வயலெல்லாம் உறைபனி. வரிசையாகக் கீரை வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள். கடைசிக் கூடாரத்தின் மேல் கறுப்பு வலை போர்த்தியிருந்தது. அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த தகரக் குழாயிலிருந்து மெல்லப் புகை வந்தது. கதவில் பூட்டுத் தொங்கியது.

“இதுல என்ன வெச்சிருக்கீங்க?” என்று கூட நடந்துவந்த பியோவிடம் கேட்டாள்.

“பெட்டிங்க, மேடம். காலிப் பெட்டி.”

உள்ளே யாரோ இருமினார்கள்.

யுன்சில் திரும்பிப் பார்த்தாள். தார்ச்சாலை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இந்த ஆளின் மச்சான் மாவட்ட சபை உறுப்பினர் என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

“திறங்க,” என்றாள். குரல் கீச்சிட்டது.

“உங்க புத்தகத்துலயே ஆள் தங்காததுன்னுதானே போட்டிருக்கு? அப்புறம் யாரு இருமப் போறா?” பியோ சிரித்தார்.

இருமல் நின்றது. அவள் காத்திருந்தாள். மறுபடி வரவில்லை. அந்த அமைதிதான் அவளை உலுக்கியது. பியோவின் சிரிப்பும் போய்விட்டது. பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தார். அவசரத்தில் அது பூட்டுக்குள் நுழையவில்லை.

“நீங்க வர்றீங்கன்னு நான்தான் காலைல பூட்டினேன். சும்மா ஒரு மணி நேரத்துக்கு...”

யுன்சில் கார்ச் சாவியால் பிளாஸ்டிக்கைக் குத்தி, இரண்டு கையாலும் கிழித்தாள். நெடியும் வெப்பமும் முகத்தில் அறைந்தன. கரி அடுப்பின் குழாய் மூட்டு கழன்று, நச்சுப் புகை உள்ளேயே நிறைந்திருந்தது. பாயில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் கண் பாதி திறந்திருந்தது. இன்னொருத்தியிடம் அசைவே இல்லை. பியோவும் கிழிசல் வழியாக உள்ளே நுழைந்தார். ஆளுக்கொரு பெண்ணாகப் பனியில் இழுத்துப் போட்டார்கள். அவசர உதவி எண் 119-க்குப் போன் செய்தபோது யுன்சிலுக்கு அந்த இடத்தின் பெயரே நாக்கில் வரவில்லை. ‘கொட்டகை’ என்றாள், பிறகு ‘வீடு’ என்றாள்.

இருவரும் பிழைத்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர்களில் ஒருத்தி, கம்போடியாவிலிருந்து பண்ணை வேலைக்கு வந்த சொக்னி, யுன்சிலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அதை வீடுன்னு எழுதப் போறீங்களாமே?”

“ஆமா.”

“எழுதினா, அனுமதி இல்லாத வீடுன்னு இடிச்சிருவாங்க. அப்புறம் நாங்க எங்க படுக்கிறது?”

இதுவரை யுன்சில் பியோவை நினைத்துத்தான் பயந்திருந்தாள். இப்போது, தான் எழுதப்போகும் வரியே அவளைப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை அவள் எழுதிக் கொடுத்தது இது: ‘எதனால் கட்டப்பட்டிருந்தாலும், எந்தப் பெயரில் இருந்தாலும், மனிதர் உறங்கும் இடம் வீடு. மாற்றிடம் தராமல் அதை இடிக்கக் கூடாது.’

“ரெண்டாவது வரி விளக்கமே இல்லையேம்மா,” என்றார் தலைவர்.

“தெரியும் சார். முதல் வரி மட்டும் போறதா இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அவர் மறுபடி ஒரு தடவை படித்துவிட்டு, இரண்டு வரியையும் மாவட்ட சபைக்கு அனுப்பினார். சபை முதல் வரியை ஏற்றது. இரண்டாவதை ‘ஓராண்டுக்கு மட்டும்’ என்று குறுக்கியது. வழக்குக்குப் பயந்து பியோ ஊருக்குள் ஓர் அறை பிடித்துக் கொடுத்தார். சொக்னியும் தோழியும் அங்கே குடிபோனார்கள்.

புதிய விதி வந்ததும் மற்றப் பண்ணைகளிலிருந்து ‘எங்கள் கொட்டகையில் யாரும் இல்லை’ என்று நாற்பத்துமூன்று கடிதங்கள் வந்தன. யுன்சில் அவற்றை ஊர்வாரியாக அடுக்கினாள். திங்கட்கிழமை, முன்கூட்டிப் போன் செய்யாமல், முதல் முகவரிக்குக் கிளம்பினாள்.