சுடவில்லை என்கிறாள்

முதலில் எனக்கு அந்த மெஷின் மேல்தான் சந்தேகம்.

மார்பை எடுத்த தழும்பை ஒட்டி அக்காவுக்கு மறுபடியும் கட்டி வந்திருந்தது. ரேடியேஷன் முடிந்ததும் பக்கத்து அறையில் படுக்க வைப்பார்கள். கட்டியின்மேல் ஒரு தண்ணீர்ப் பை, அதன்மேல் சூடு தரும் கருவி. சூடேறிய கட்டியில் கதிர்வீச்சு நன்றாக வேலை செய்யும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோலில் ஒட்டிய ஒயர்கள் வெப்பத்தை அளக்கும். ஒயர் இல்லாத இடத்தில் சுட்டால் அக்காதான் சொல்ல வேண்டும்.

“சுருக்குனு எங்கயாவது சுட்டா உடனே சொல்லிடுங்க,” என்றார் ஆபரேட்டர். “கொப்புளம் வந்தா எல்லாத்தையும் நிறுத்த வேண்டியிருக்கும்.”

“சுடவே இல்லையே தம்பி. கரன்ட் இருக்கா?”

அவர் பவரைக் கூட்டினார்.

“இப்போ?”

“நான் பேக்கரியில அடுப்பு முன்னாடி நிக்கறவ. இதெல்லாம் எனக்கு ஏசி.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன முறையும் இதே பதில்தான். பிழைக்கமாட்டாள் என்று முடிவுகட்டி, பேருக்கு ஒரு தண்ணீர்ப் பையை வைத்து அனுப்புகிறார்களா?

வெப்பத்தைக் காட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பவர் கூடியதும் எண்கள் ஏறின. அப்படியானால் மெஷின் ஏமாற்றவில்லை. அக்காவைப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை. கால்விரல்கள் மடங்கியிருந்தன.

குனிந்து கேட்டேன். “சுடுதா?”

“இல்லடி.”

“பொய் சொல்லாதே.”

“வந்துட்டா துப்பறிய.” குரலைத் தாழ்த்தினாள். “சூடு ஏற ஏறத்தானே அது சாகும்? பல்லைக் கடிச்சுக்கிட்டா முடிஞ்சுது. வாயைத் திறந்தா இவர் குறைச்சிடுவார். பேசாம இரு.”

பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம். வெளியாட்களிடம் மணி கேட்கக்கூட நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“சார்.”

அவருக்குக் கேட்கவில்லை.

“சார்! அவளுக்குச் சுடுது. மறைக்கறா.”

“அடிப்பாவி,” என்றாள் அக்கா.

அவர் உடனே நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கினார். இரண்டு ஒயர்களுக்கு நடுவே, விலா எலும்பின் மேல், தோல் சிவந்திருந்தது. விரல் நுனியால் லேசாகத் தொட்டார். அக்கா துள்ளினாள்.

“இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெந்துபோயிருக்கும்மா. நாளைக்கு ரேடியேஷனும் கிடையாது, இதுவும் கிடையாது.”

அவர் ஒரு ஒயரை அங்கே நகர்த்தி ஒட்டினார். கருவியைச் சற்றுத் தள்ளி வைத்து மறுபடியும் தொடங்கினார். “அந்த எலும்பு மேல மட்டும்தான் குறைச்சிருக்கேன். கட்டிக்கு வேண்டிய சூடு அப்படியே போகுது.”

அவர் திரும்பியதும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். “குறைச்சுட்டு இப்படித்தான் சொல்வாங்க. நீ பாரு. கட்டிகிட்ட எவ்வளவு?”

“நாப்பத்திரண்டு டிகிரி. குறையல.”

“நெஜமா?”

“நெஜமா.”

“என்னைச் சமாதானப்படுத்தறதுக்குச் சொல்லலையே?”

“இல்ல.”

என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“தம்பி, தோள் பக்கம் ஓரமா சுடுது.”

அவர் எழுந்து வருவதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டாள்.

“இப்போ எவ்வளவு காட்டுது?”