எப்ப வேணும்னாலும் வாங்க

மதியச் சாப்பாடு முடிந்து சீஸ் தட்டு ஒரு சுற்று வந்ததும், கெண்ட்ராவின் மாமியார் ஜொசெத் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். வைத்த விதத்திலேயே அது சாதாரண உறை இல்லை என்று தெரிந்தது. பிரான்ஸின் துலூஸ் நகரத் தபால் நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவர். முக்கியமான காகிதத்தை எப்படி நீட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அறை இருட்டாக இருந்தது. வெளியே ஜூலை வெயில், முப்பத்தொன்பது டிகிரி. காலை எட்டு மணிக்குச் சன்னலின் மரக்கதவுகளை இழுத்துச் சாத்தினால் இரவு ஒன்பதுக்குத்தான் ஜொசெத் திறப்பார். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் இந்தச் சாப்பாட்டறையைக் கெண்ட்ரா கையால் தடவித்தான் தெரிந்துகொண்டிருந்தாள். உறைக்குள் இருந்ததைப் படிக்கக் கைபேசி வெளிச்சம் தேவைப்பட்டது.

விமான டிக்கெட். ஆகஸ்ட் இரண்டாம் தேதி துலூஸிலிருந்து மினியாபொலிஸ். திரும்புவது இருபத்தேழாம் தேதி. பயணி பெயர் ஜொசெத் கஸ்தான்யே. மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

“உங்கம்மா வீட்டுக்குக் கூப்பிட்டியே,” என்றார் ஜொசெத். “இதோ, வர்றேன்.”

கூப்பிட்டதென்னவோ உண்மை. போன கிறிஸ்துமஸ் விருந்தில், மூன்றாவது கோப்பை வைனுக்குப் பிறகு, அமெரிக்காவின் மினசோட்டாவில் ஏரிக்கரையில் இருக்கும் அம்மாவின் வீட்டைக் கைபேசியில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள் கெண்ட்ரா. ஜொசெத் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கண்டிப்பா வரணும் அத்தை, எப்ப வேணும்னாலும் வாங்க, எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க, அம்மா ரொம்ப சந்தோஷப்படுவாங்க என்று வாய் நிறையச் சொன்னாள். ஆகஸ்டில் வரலாமா என்று ஜொசெத் கேட்டார். ஆகஸ்ட்தான் அருமையான மாதம் என்றாள். பத்து நிமிஷத்தில் அதை மறந்தும் போனாள். அவள் ஊரில் மளிகைக்கடை வரிசையில் முன்னால் நிற்பவரிடம்கூட அப்படித்தான் சொல்வார்கள்.

ஜொசெத்தின் உலகத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டால் கிழமையும் மணியும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட விருப்பமில்லை என்றால் வாயைத் திறக்கமாட்டார்கள். எதிர்வீட்டுக்காரரோடு இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் வணக்கம் சொல்லிக்கொள்கிறார் ஜொசெத். அவர் வீட்டு வாசற்படியை இன்னும் மிதித்ததில்லை. இரண்டு பேருக்கும் அதில் வருத்தமும் இல்லை.

முப்பத்தோரு வருஷமாக ஆகஸ்டில் நார்பொன் கடற்கரையில் ஒரே இடத்தில் கேரவனை நிறுத்தித் தங்குபவர் அவர். அந்த இடத்தை இந்த வருஷம் தன் ஒன்றுவிட்ட தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவருடைய மகன் கெய்த்தான் அதைக் கேட்டபோதுதான் முள்கரண்டியைக் கீழே வைத்தான். விமானத்தைவிட அதுதான் அவனுக்குப் பெரிய செய்தி.

வீட்டுக்கு வரும் வழியில் கெண்ட்ரா அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. அமெரிக்காவில் எல்லோரும் அப்படிச் சொல்வார்கள், யாரும் வரமாட்டார்கள்.

“பேச்சுக்கா?” என்றான் கெய்த்தான். “அப்ப என்னைக் கட்டிக்கறேன்னு சொன்னியே, அது எந்தக் கணக்கு?”

கெண்ட்ரா காரின் ஏசியை இன்னும் ஒரு புள்ளி ஏற்றினாள். அவன் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று ஒரு புள்ளி இறக்கினான். வீட்டில் ஏசி வேண்டாம் என்பதற்கும் அவனுக்கு அதே கழுத்துதான் காரணம்.

ஊரிலுள்ள சினேகிதிகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்குக் கெண்ட்ரா அனுப்பும் படங்களில் பிரம்புக் கூடை இருக்கும், அதில் முலாம்பழம் இருக்கும், பக்கத்தில் ஒரு கொத்து லாவெண்டர் இருக்கும். லாவெண்டர் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது. படம் எடுத்து முடித்ததும் அவள் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு ஓட்டுத் தரையில் படுத்துவிடுவாள். பகலில் இருட்டறையில் கணினி வழியாக விமானக் கம்பெனி எஞ்சினியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பாள். சாயங்காலம் கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிடுவாள். அந்தச் சினேகிதிகளையும் எப்ப வேணும்னாலும் வரச்சொல்லியிருக்கிறாள். நல்லவேளை, அவர்கள் அமெரிக்கர்கள்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டாள். அங்கே காலை பதினொன்று. அம்மா பெவர்லி சந்தோஷத்தில் கூவினாள். மாமியார் வரப்போகிறாரா, எவ்வளவு நல்ல செய்தி, எப்ப வேணும்னாலும் வரட்டுமே என்றாள்.

“ஆகஸ்ட் ரெண்டாந்தேதிம்மா.”

 பெவர்லியின் குரல் இன்னும் இனிப்பானது. இந்த ஆகஸ்ட் மட்டும் கொஞ்சம் சிரமம் என்றாள். விருந்தினர் அறையில் ராய்ஸின் உடற்பயிற்சி இயந்திரம் இருக்கிறது, நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. சர்ச்சில் பழைய சாமான் விற்பனை வேறு. ஏரிப்பக்கத்து மரத்தளத்துக்கு வர்ணம் அடிக்கிறார்கள். செப்டம்பர் என்றால் பார்க்கலாம். செப்டம்பரிலும் ராய்ஸின் அண்ணன் குடும்பம் வருகிறது. அடுத்த வருஷம் கட்டாயம்.

ராய்ஸ், அம்மா நாலு வருஷத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டவர். அந்தக் கல்யாணத்துக்குப் போனதுதான் கெண்ட்ரா கடைசியாக ஊருக்குப் போனது. விருந்தினர் அறை அதுவரை அவளுடைய அறையாக இருந்தது.

“அத்தை வரலன்னு வச்சுக்கோ. நான் மட்டும் வந்தா?”

“நீயா? இது என்ன கேள்வி கண்ணு. இது உன் வீடு. நீ எப்ப வேணும்னாலும் வரலாமே.”

“எப்போம்மா?”

“பாக்கலாம் கண்ணு,” என்றாள் பெவர்லி. “சீக்கிரமே.”

போனை வைத்த பிறகு கெண்ட்ரா வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நாலு வருஷமாகக் கேட்டுவந்த வார்த்தைதான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக்கூடத் தேதி போட்டுக் கூப்பிடும் ஒரு மனுஷியின் டிக்கெட்டைப் பார்த்த பிறகுதான் அந்த வார்த்தைக்குள் ஒன்றுமே இல்லை என்று காதில் விழுந்தது.

மாமியாரிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் நகரம் அவளுக்கு உதவவில்லை. ஜொசெத் செய்தியைத் தெரு முழுக்கப் பரப்பியிருந்தார். மருந்துக்கடைக்காரர் பயணத்துக்கென்று ஒரு பை நிறைய மாத்திரை கட்டிக்கொடுத்து, அமெரிக்க டாக்டர்களை நம்ப வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். பேக்கரி அம்மாள் விடுமுறைக்காகக் கடையைச் சாத்தும் அவசரத்திலும் கெண்ட்ராவை நிறுத்தி, அங்கே ஏரியில் கரடி வருமாமே என்று கேட்டார். சந்தையில் முலாம்பழம் விற்பவர் பழத்தை மோந்து பார்த்துக்கொண்டே, இனி மூணு வாரம் உங்க அத்தைக்கு ருசியே இல்லாத பழம்தான் என்று வருத்தப்பட்டார். ஜொசெத் குழந்தைகள் படப்புத்தகம் வைத்து ஆங்கிலம் படித்தார். வாத்து, படகு, நன்றி. ஏரிக்காற்று குளிரும் என்று முன்பு கெண்ட்ரா சொன்னதை நம்பி, முப்பத்தொன்பது டிகிரியில் கம்பளிச் சட்டை வாங்கி வந்து போட்டுக் காட்டினார்.

மூன்று தடவை சொல்லப்போய் மூன்று தடவையும் கம்பளிச் சட்டை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள் கெண்ட்ரா. நீயே சொல்லேன் என்று கெய்த்தானைக் கெஞ்சிப் பார்த்தாள். ஆகஸ்டில் அம்மாவுக்கு நார்பொனும் இல்லை, அமெரிக்காவும் இல்லை என்று சொல்லும் தைரியம் தனக்கு இல்லை என்றான் அவன். அவர் திரும்பவும் அதே தெருவில் அதே மருந்துக்கடைக்குப் போயாக வேண்டுமே.

ஜூலை இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம், ஜொசெத்தின் சமையலறையில் வைத்துச் சொன்னாள். ஜொசெத் இரவுச் சாப்பாட்டுக்குத் தக்காளி அரிந்துகொண்டிருந்தார். கெண்ட்ரா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கத்தி நிற்கவே இல்லை.

“இதுல யார் பொய் சொன்னது?” என்றார் ஜொசெத். “நீயா, உங்கம்மாவா?”

“யாரும் பொய் சொல்லல அத்தை. எங்க ஊர்ல அது வணக்கம் சொல்ற மாதிரி.”

“தினம் அம்பது பேர் எனக்கு வணக்கம் சொல்றாங்க. எவன் வீட்டுக்காவது நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருக்கேனா?”

கெண்ட்ரா தலையைக் குனிந்துகொண்டாள். தன் பணத்தில் வேறு டிக்கெட் எடுத்துத் தருவதாகவும், எங்கே வேண்டுமானாலும் அனுப்புவதாகவும் முணுமுணுத்தாள். ஜொசெத்துக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கத்தியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்தார்.

“உன்னையும் இப்படித்தான் கூப்பிடறாங்களா? உங்கம்மா?”

கெண்ட்ரா நிமிர்ந்து பார்த்தாள். மாமியாரின் மூக்குக் கண்ணாடிக்கு மேலே தெரிந்த கண்களில் கோபம் இருந்தது. அது தன்மேல் இல்லை என்பது மட்டும் புரிந்தது.

“நாலு வருஷமா,” என்றாள்.

ஜொசெத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைபேசியை எடுக்கச் சொன்னார். தான் சொல்லச் சொல்ல அப்படியே ஆங்கிலத்தில் எழுத வேண்டும், சர்க்கரை எதுவும் சேர்க்கக் கூடாது என்றார். தபால் நிலையக் குரல் வந்துவிட்டது.

“அன்புள்ள அம்மையாருக்கு. ஆகஸ்ட் ரெண்டாந்தேதி மதியம் ஒன்றரை மணிக்கு மினியாபொலிஸ் வர்றேன். எல்லாம் சாப்பிடுவேன். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. என்னைப் படுக்க வைக்க உங்க வீட்ல இடம் உண்டா இல்லையா, இன்னைக்கே தெரியப்படுத்துங்க. ஜொசெத் கஸ்தான்யே.”

“அத்தை, இப்படியெல்லாம் எழுதினா அவங்களால இல்லன்னு சொல்லவே முடியாது.”

“ஏன், கை சுளுக்கா?”

“எங்க ஆளுங்களுக்கு மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்ல வராது.”

“அப்ப அனுப்பு,” என்றார் ஜொசெத்.

பதில் நாலு நிமிஷத்தில் வந்தது. ஏழு இதயம், இரண்டு விமானம், வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகள். நடுவில், உங்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறோம் என்று ஒரு வரி. இது சம்மதம் இல்லை, பயத்தில் எழுதியது என்று கெண்ட்ரா விளக்கினாள்.

“பயந்தாலும் எழுதிட்டாங்கல்ல,” என்றார் ஜொசெத். “எழுத்துல இருக்கு. போதும்.”

அடுத்த நிமிஷமே போன் அடித்தது. பெவர்லியின் குரலில் இனிப்பெல்லாம் கரைந்துபோயிருந்தது. ராய்ஸ் பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூட்டிவந்து இயந்திரத்தை நகர்த்தப் போகிறாராம். அந்த அம்மா என்ன சாப்பிடுவார், நத்தை கேட்பாரா, பன்னிரண்டரை என்றால் சரியாகப் பன்னிரண்டரையா, ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாமல் மூணரை வாரம் எப்படித் தள்ளுவது என்று மூச்சு முட்டக் கேட்டுக்கொண்டே போனாள். கெண்ட்ரா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு பெவர்லி நிறுத்தினாள்.

“நீ அவங்க கூட வர்ற இல்ல?” என்றாள். “ரெண்டாந்தேதி? என்னால தனியா முடியாது கெண்ட்ரா.”

கெண்ட்ரா சமையலறைச் சுவரைப் பார்த்தாள். மாமியாரின் நாள்காட்டியில் ஆகஸ்ட் ஏற்கெனவே திருப்பப்பட்டிருந்தது.

“வர்றேம்மா,” என்றாள். “ரெண்டாந்தேதி, ஒன்றரை மணிக்கு.”

போனை வைத்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. ஜொசெத் அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி தக்காளிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என்ன சொல்றாங்க உங்கம்மா?”

“ரொம்ப சந்தோஷம்ங்கறாங்க அத்தை.”

“ஆமா, இங்க வரைக்கும் கேட்டுச்சு,” என்றார் ஜொசெத். “போ, அவங்க அந்த இயந்திரத்தை நகர்த்தறதுக்குள்ள உனக்கும் ஒரு டிக்கெட்டை எடு.”