வழி விடாத வரிசை

அதே நாற்காலி, அதே இடைவெளி. கோட்டூர்புரத்தில் வழி விட்டது. மயிலாப்பூரில் விட மறுத்தது. ஏன் என்றுதான் ஜவஹருக்கு விளங்கவில்லை.

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் அவன் தியேட்டர் நாற்காலி செய்துகொண்டிருந்தான். செய்து பார்த்துக்கொண்டிருந்தான் என்பது இன்னும் சரி. ஒரு பெரிய கம்பெனியின் வரைபடப் பிரிவில் கிடைத்த நல்ல வேலையை உதறிவிட்டு வந்தவன். அவன் விடைபெற்ற அன்று மேலாளர், “எப்ப வேணும்னாலும் திரும்பி வாப்பா, வாசல் திறந்துதான் இருக்கும்” என்று புன்னகைத்தார். திரும்பிப் போவதில் ஜவஹருக்குப் பெரிய வெட்கமில்லை. அந்தப் புன்னகையை இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்குமே என்பதுதான் தாளவில்லை.

அவனுடைய நாற்காலியின் சூட்சுமம் எளிமையானது. சாதாரண வரிசையில் ஒருவர் எழுந்து நின்றால் அவர்தான் எழுவார், அவருடைய நாற்காலி எழுவதில்லை. உட்காரும் பலகை முன்போலவே நீட்டிக்கொண்டிருக்கும். எழுந்தவர் அதற்கும் முன்வரிசையின் முதுகுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்பார். கடந்து போகிறவர் அவர் வயிற்றை உரசாமல் போக வழியில்லை. ஜவஹரின் நாற்காலியில் பலகைக்கு நடுவே கீல். கீலுக்குப் பின்பக்கம் ஒரு வார்ப்பிரும்புத் துண்டு. பூங்காவில் குழந்தைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகையில் கனமான பிள்ளை ஒரு முனையில் உட்கார்ந்தால் மறுமுனை மேலே போகிறதல்லவா, அதே கணக்கு. ஆள் உட்கார்ந்தால் ஆளின் பாரம் வெல்லும். ஆள் எழுந்தால் இரும்பின் பாரம் வென்று பலகை தானாக மேலே மடியும். எழுந்தவர் மடிந்த பலகையோடு ஒட்டி நின்றுகொண்டால் முன்னால் ஒரு சாண் வழி கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு வரிசைகளின் முதுகுகளுக்கு நடுவே எத்தனை அங்குலம் விட்டோம் என்பதில் ஒன்றுமில்லை, எழுந்து நிற்பவருக்கு முன்னால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே எல்லாம் என்று அவன் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றினார்கள்.

மாற்றாதவர் சண்முகவேல் ஒருவர்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்து நிலைத்தவர். இப்போது பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தியேட்டர் கட்டிக்கொண்டிருந்தார். நாற்காலிக்குப் பம்பாய்க் கம்பெனி ஒன்று அவரை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. அவர் கொட்டகைக்கு வந்து, ஜவஹர் மாதிரிக்குப் போட்டிருந்த வரிசையில் வேலையாட்களை உட்கார வைத்து, குறுக்கே தாமே நடந்து பார்த்தார். அவர் வர வர ஒவ்வொருவராக எழுந்தார்கள், பலகைகள் ஒவ்வொன்றாக மடிந்தன, அவர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் வியாபாரி. புடவையைக் கடை விளக்கில் பார்த்தால் போதாது, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்க வேண்டும் என்பார். மயிலாப்பூரில் தமக்குத் தெரிந்த ஒரு சபாவின் நாடக அரங்கில் இரண்டு வரிசைக்கு ஜவஹரின் நாற்காலியைப் போட ஏற்பாடு செய்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாடகம். அரங்கு நிறைந்திருந்தது. புது வரிசையின் நட்டநடுவில் சுலோச்சனா மாமி உட்கார்ந்திருந்தார். சபாவின் பழைய உறுப்பினர், தாராளமான உடம்பு. இடைவேளை மணி அடிப்பதற்கு முன்பே காண்டீனுக்குப் போய்விட வேண்டும், மணி அடித்த பிறகு போனால் போண்டாவின் தூள்தான் கிடைக்கும் என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. அன்றும் மேடையில் கதாநாயகி அழத் தொடங்கியதும் அவர் கிளம்பினார். சண்முகவேலும் ஜவஹரும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் இருந்தவர் எழவில்லை. எழப்போகிறவர் மாதிரி முன்னால் குனிந்தார், குனிந்தபடியே இருந்துவிட்டார். அவருக்கு அடுத்தவரும் குனிந்தார். அதற்கடுத்த அம்மாள் முன்வரிசையின் முதுகில் நெற்றியை இடித்துக்கொண்டார். வரிசை முழுக்க ஏதோ கும்பிடு போடுகிறது போலிருந்தது. மாமி இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் அகப்பட்டு நின்றார். பின்வரிசையில் இருந்தவர்கள் “உக்காருங்கோ, உக்காருங்கோ” என்று முணுமுணுத்தார்கள். அவர் வெளியே வருவதற்குள் மணியும் அடித்துவிட்டது.

சண்முகவேல் கோபப்படவில்லை. அதுதான் ஜவஹருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“தம்பி, உம்ம நாற்காலி நல்லாத்தான் எந்திரிக்கி. ஆளுவதான் எந்திரிக்க மாட்டேங்காவ” என்றார். “அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு நாடகம் இருக்காம். அதையும் பாத்துட்டுப் பம்பாய்க்காரனுக்குப் பதில் சொல்லுதேன்.”

அந்த வாரம் ஜவஹர் படாத பாடு பட்டான். கீல் இறுகிவிட்டதோ என்று எண்ணெய் விட்டான். இரும்புத் துண்டின் கனம் போதவில்லையோ என்று கூட்டினான்; பலகை விசுக்கென்று மடிந்து ஒரு வேலையாளின் வேட்டியைக் கவ்வியது; பழையபடி குறைத்தான். கொட்டகை ஆட்கள் ஒல்லி, சபாக்காரர்கள் பருமன், அதுதான் காரணமோ என்று யோசித்தான். ஆனால் அந்த வரிசையில் முதலில் மாட்டிக்கொண்டவர் ஈர்க்குச்சி மாதிரி இருந்த ஒரு பெரியவர். கொட்டகையில் எத்தனை முறை நடந்து பார்த்தாலும் வரிசை மரியாதையாக எழுந்து வழி விட்டது. குற்றம் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் குற்றத்தைத் தேடுவதைவிட அலுப்பு வேறில்லை.

கடைசியில் அவனுக்கு ஒன்று தோன்றியது. எழுகிறவர்களை இதுவரை மேலிருந்துதான் பார்த்திருக்கிறோம். எழுவதோ காலால். காலைப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை அதே அரங்கில் ஏதோ ஒரு சொற்பொழிவு. ஜவஹர் ஒரு சின்ன டார்ச் விளக்கோடு போய், புது வரிசைக்கு முன்னால், ஓரத்தில், தரையோடு தரையாகக் குந்திக்கொண்டான். கூட்டம் வந்து உட்கார்ந்தது. அவன் விளக்கை நாற்காலிகளுக்கு அடியில் அடித்தான்.

தரையில் ஒரு காலையும் காணவில்லை.

வரிசை நெடுக வெறும் செருப்புகள் மட்டும் கிடந்தன. ஆட்கள் எல்லோரும் மேலே இருந்தார்கள்; கால்களும் அவர்களோடு மேலேயே இருந்தன. ஒருவர் ஒரு காலை மடித்து மறுகாலைத் தொங்கவிட்டிருந்தார், மற்றவர் இரண்டையும் மடித்துச் சப்பணமே போட்டிருந்தார். ஜவஹர் நாற்காலியின் உயரத்தைப் பம்பாய்க் கம்பெனியின் படத்தைப் பார்த்து வைத்திருந்தான். பம்பாய்க்காரன் அதை எந்தச் சீமைக்காரனைப் பார்த்து வைத்தானோ. குள்ளமானவர்களுக்குக் கால் தரையில் பதியாமல் தொங்கியது, பலகையின் விளிம்பு தொடையில் அழுத்தியது. உயரமானவர்களுக்கோ, நாடகமானாலும் சொற்பொழிவானாலும், சப்பணம் போட்டால்தான் ரசனை வரும். மொத்தத்தில் யாருடைய காலும் கீழே இல்லை.

அப்போது யாரோ ஒருவர் வெளியே போக எழுந்தார். உடனே வரிசை முழுக்கக் கால்கள் கீழே இறங்கின. இறங்கிய கால்கள் செருப்பைத் தேடின. அழுக்குத் தரையில் வெறுங்காலை வைக்க யாருக்கும் மனமில்லை. செருப்புகளோ, வைத்தவர் வைத்த இடத்தில் இல்லை. அவை கிடந்தது நடைவழி. போகிறவர் வருகிறவர் காலெல்லாம் தட்டித் தட்டி, ஒன்று முன்வரிசைக்கு அடியிலும் மற்றது பக்கத்து நாற்காலிக்கு முன்னும் போயிருந்தது. ஒவ்வொருவரும் காலை முன்னால் நீட்டி நீட்டித் துழாவினார்கள்.

இங்கேதான் விஷயம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எழவே முடியாது. பாதம் முழங்காலுக்கு நேர்கீழே, இன்னும் கொஞ்சம் பின்னாலேயே வந்தால்தான் உடம்பின் பாரம் பாதத்தின் மேல் ஏறும். படிக்கிறவர் இருந்த இடத்திலேயே செய்து பார்க்கலாம். ஆக, செருப்பு முன்னால் கிடக்கும் வரை கால் முன்னால் போகும். கால் முன்னால் இருக்கும் வரை ஆள் எழ மாட்டார். ஆள் எழாத வரை பலகை மடியாது. நீட்டிய காலே வழியையும் அடைக்கும். கொட்டகையில் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்பதும் ஜவஹருக்கு அந்த நிமிஷமே புரிந்தது. அங்கே வார்னிஷ் அடித்த பலகைகள் காயும், தூசி படியக் கூடாது என்பதால் ஒருவரும் செருப்போடு உள்ளே வருவதில்லை. வெறுங்காலுக்குத் தேட ஒன்றுமில்லை. பொத்தென்று ஊன்றி எழுந்துவிடும்.

சந்தோஷத்தில் அவன் முன்வரிசைக்கு அடியில் கையை விட்டு ஒரு செருப்பை எடுத்து, அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சாணால் அளக்க ஆரம்பித்தான். அவன் தோளில் ஒரு கை விழுந்தது. டிக்கெட் கிழித்து இடம் காட்டும் வடிவேலு.

“இன்னா நைனா, இருட்டுல குந்திக்கினு யாரு செருப்ப அளவு பாத்துக்கினு கீற? சைஸ் சரியா கீதா?”

நாற்காலி என்றும் நடைவழி என்றும் ஜவஹர் சொன்ன விளக்கம், மயிலாப்பூர் கோயில் வாசலில் செருப்பு பறிகொடுத்த எவர் காதிலும் ஏறக்கூடிய விளக்கமில்லை. வடிவேலு அவனைச் செருப்பும் கையுமாகச் சபாவின் செயலாளர் சுவாமிநாதனிடம் கொண்டுபோய் நிறுத்தினான். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு செருப்பைப் பார்த்தார், ஜவஹரைப் பார்த்தார்.

“விடுடா வடிவேலு. திருட வந்தவன் ஜோடியான்னா எடுப்பான்? இவர் ஒத்தைச் செருப்பை வெச்சிண்டு சிரிச்சிண்டிருக்கார். இவர் நாற்காலிக்காரர்தான்.”

ஜவஹர் மூச்சு விடாமல் விளக்கினான். சுவாமிநாதன் பொறுமையாகக் கேட்டார். காலை மடித்து உட்காரக் கூடாது என்று ஒரு பலகை எழுதி மாட்டலாமா என்று அவன் கேட்டதற்கு, மாட்டலாம், ஆனால் மறுநாளே சபாவில் மெம்பர் யாரும் இருக்க மாட்டார்கள் என்றார். அதற்குள், சொற்பொழிவுக்கு வந்திருந்த சுலோச்சனா மாமியே செருப்பைத் தேடிக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அங்கே வந்துவிட்டார். தம்முடைய செருப்பு செயலாளர் மேஜையருகே எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை.

“நான் வெச்ச எடத்துல அது என்னிக்கு இருந்திருக்கு?” என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டு போனார்.

வைத்த இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடம் நடைவழியில் இருக்கக் கூடாது. கால் பின்னால் போனால் கிடைக்கிற இடமாக இருக்க வேண்டும். அப்படியானால் நாற்காலிக்கு அடி. ஜவஹர் சனிக்கிழமை காலையில் அரங்குக்குப் போய், நாற்காலிக்கு அடியில் சாய்வில்லாத ஒரு கால்பலகையைப் பொருத்திப் பார்த்தான். அதன் விளிம்பு தரையிலிருந்து உயர்ந்து நின்றதால், காலி வரிசையில் நடந்துபோன வடிவேலு கட்டைவிரலை இடித்துக்கொண்டு, நாற்காலிக்காரர் வம்சத்தையே விசாரித்தான். சரி, விளிம்பு உயரக் கூடாது. ஜவஹர் தன் காலையே பார்த்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். பாதத்தைப் பின்னால் இழுத்தான். குதிகால் தானாக மேலே எழும்பிற்று; விரல்கள் கீழே இருந்தன. பின்னால் போன பாதம் மட்டமாக இருக்க விரும்பவில்லை, சாய்வாக இருக்க விரும்பியது. அவன் உடனே தச்சர்களைக் கூப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சண்முகவேல் இந்த முறை பின்னால் நிற்கவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு புது வரிசையிலேயே, மாமிக்கு நாலு இடம் தள்ளி உட்கார்ந்தார். நாடகம் தொடங்கியதும் தம்மையறியாமல் ஒரு காலை மடித்துக்கொண்டார். ஜவஹர் தூணோரம் நின்றான். மேடையில் என்ன நடந்தது என்று பிறகு யாரேனும் கேட்டிருந்தால் அவனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது.

கதாநாயகி தழுதழுத்தாள். சுலோச்சனா மாமி கிளம்பினார். பக்கத்திலிருந்தவர் காலை இறக்கினார், எழுந்தார், பலகை மடிந்தது. அடுத்தவர், அதற்கடுத்தவர். ஒருவரும் குனியவில்லை. சண்முகவேலும் எழுந்து நின்றிருந்தார். மாமி அவரைக் கடந்துபோன பிறகுதான், தாம் எழுந்து நிற்பதே அவருக்கு உறைத்தது போலிருந்தது. அவர் கீழே தம் காலைப் பார்த்தார். இரண்டு செருப்பும் மாட்டியிருந்தன. மணி அடித்தபோது மாமி காண்டீனில் இரண்டாவது போண்டாவில் இருந்தார்.

இடைவேளையில் சண்முகவேல் தூணோரம் வந்தார்.

“பம்பாய்க்காரனுக்கு இன்னைக்கே எழுதிப் போட்டுருதேன், வேண்டாம்னு” என்றார். “அது கெடக்கட்டும். அடியில என்னவே பண்ணி வச்சிருக்கீரு?”

ஜவஹர் அவரை வரிசைக்கு அழைத்துப்போய்க் குனிந்து டார்ச் அடித்துக் காட்டினான். ஒவ்வொரு நாற்காலிக்கும் அடியில் ஒரு சாய்பலகை இருந்தது. அதன் முன்விளிம்பு தரையோடு தரையாக இழைக்கப்பட்டிருந்ததால் நடப்பவர் காலை இடிக்காது. பின்விளிம்பு நான்கு விரற்கடை உயர்ந்திருந்ததால், தொங்கிய பாதமும் பின்னால் இழுத்த பாதமும் அதில் சுகமாகப் படிந்துகொள்ளும். செருப்பு வழுக்காதிருக்கக் குறுக்கே ரப்பர் பட்டைகள். காலை மடிக்கிறவர் செருப்பை அந்தப் பலகையிலேயே விட்டுவிடுவார். அது நடைவழியில் இல்லாததால் யாரும் அதைத் தட்டிவிட மாட்டார்கள். எழும்போது பாதம் பின்னால் போய்ச் செருப்பில் நுழையும், பின்னால் போன பாதத்தின் மேல் உடம்பு நேராக எழும், இரும்புத் துண்டு பலகையை மடிக்கும், ஒரு சாண் வழி திறந்துகொள்ளும்.