அழிக்கும் பொத்தான் இல்லாத சுவர்

1

உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட கதைகளில் முழுச் சுதந்திரம் பெற்ற ஒரே கதை இதுதான். அடக்கத்தோடுதான் சொல்கிறேன். இதில் நான் எழுதும் எந்த வாக்கியமும் அழிக்கப்படாது. உருப்படாத தொடக்கம், பாதியில் படுத்துவிட்ட உவமை, எனக்கே நம்பிக்கையில்லாத முடிவு எல்லாம் எழுதிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். எழுதியதை அழிக்கும் எழுத்தாளனுக்கும் பேசுகிறவன் வாயைப் பொத்தும் அதிகாரிக்கும் சம்பளத்தில்தான் வித்தியாசம்.

கதை பிறந்த இடம் பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரம், த்ராகியாப் பேட்டை, எங்கள் அடுக்குமாடியின் இரண்டாம் வாசல் லிஃப்ட். அது மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுபோனபோது உள்ளே என்னோடு இருந்தவன் அதே வாசலில் குடியிருக்கும் யாவோர்.

"டேய், அழிக்கிற பொத்தான்னா என்ன தெரியுமா? உலகத்துலயே சின்ன போலீஸ் ஸ்டேஷன்" என்றான்.

அவசர மணியை அழுத்தலாமா என்று கேட்டேன்.

"அதுவும் பொத்தான்தான்" என்றான், தீவிரமாக யோசித்தபடி.

இவனைக் கதையில் போடுவது என்று அன்றே முடிவு செய்தேன். வெளியே வந்த பிறகு.

2

[கைவிட்ட தொடக்கம்: செப்டம்பர் மாலை வெயில் த்ராகியாவின் கான்கிரீட் மாடிகள்மீது தேன்போல்]

தேன் வேண்டாம். எங்கள் கட்டடத்தின்மீது எது வழிந்தாலும் அது மேல்மாடிக்காரர் துணி அலசிய தண்ணீராகத்தான் இருக்கும்.

[கைவிட்ட இன்னொரு தொடக்கம்: யாவோர் ஒரு புரட்சிக்காரன். அவன் கண்களில்]

கண்களில் ஒன்றுமில்லை. கணினிப் படிப்பில் நான்காம் ஆண்டு, இரண்டு தாள் தேறவில்லை. எந்த மென்பொருளை நிறுவுவதற்கு முன்னும் அதன் ஒப்பந்தத்தைக் கடைசி வரிவரை வாசிப்பான். அதனால் எதையும் நிறுவியதில்லை. கைப்பேசியோடு வந்த மென்பொருளையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு, யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஒன்றைப் போட்டிருக்கிறான். அதில் வங்கி ஆப் ஓடாது, வரைபடம் ஓடாது, கேமராவில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். "ஆனா என்னை எவனும் வேவு பாக்க முடியாதுடா" என்பான். முடியலாம். பார்க்கிறவனுக்கும் தலைகீழாகத்தான் தெரியும்.

(அடிக்குறிப்பு போன்ற ஒன்று: நானும் இந்தக் கதையைச் சுதந்திர மென்பொருளில்தான் எழுதுகிறேன். அதில் பிழை திருத்தி கிடையாது. பிழைகளும் சுதந்திரமாக இருக்கின்றன.)

3

இரண்டாம் வாசலுக்கு, அதாவது அந்த வாசலையும் படிக்கட்டையும் பகிரும் வீடுகளுக்கெல்லாம் சேர்த்து, ஊதா நிற ஆப் ஒன்றில் ஒரு குரூப் உண்டு. அதை நடத்துபவர் கட்டடப் பொறுப்பாளர் கெனோவேவா அத்தை. தண்ணீர் எப்போது நிற்கும், லிஃப்ட் மெக்கானிக் எந்த நாளில் வருவதாகச் சொல்லி வராமல் இருப்பார், எல்லாம் அதில்தான் தெரியும். தினமும் காலையில் ஒரு ரோஜாப் படமும் வரும். இதழில் பனித்துளி மினுங்கும், பொன்னெழுத்தில் 'இனிய காலை' என்று விட்டுவிட்டு எரியும். யாருக்காவது பெயர்நாள், அதாவது அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாள், என்றால் ரோஜாவுக்குப் பக்கத்தில் ஒரு புனிதர் நிற்பார். அடிமைகளுக்கு வழங்கப்படும் பூங்கொத்து என்பான் யாவோர். அதைப்போலவே கைகளை ஆட்டி மினுங்கிக் காட்டுவான். நன்றாகவே மினுங்குவான்.

ரோஜாவோடு நின்றிருந்தால் கதை இல்லை. அத்தைக்கு எது பிடிக்கவில்லையோ அதை அழித்துவிடுவார். தனிமனித உரிமை பற்றி யாவோர் நீளமாக ஒன்று எழுதினான். அனுப்பிவிட்டு டீயை எடுத்து உதட்டில் வைப்பதற்குள் காணோம். மாடி ஏறிப்போய்க் கதவைத் தட்டினான்.

"அத்தை, நான் எழுதினதை ஏன் அழிச்சீங்க?"

"நீளமா இருந்துச்சு தம்பி. தண்ணி நிக்கிற நேரம் போட்டது மேல போயிடுச்சுன்னு எல்லாரும் திட்டறாங்க."

"அது கருத்துச் சுதந்திரம் அத்தை."

"இருக்கட்டும். சாப்டியா?"

அன்றே குரூப்பைவிட்டு வெளியேறினான். கைப்பேசியைத் துடைத்ததும் அன்றுதான்; அதோடு வந்த ஊதா ஆப்பும் போனது. அடுத்த வாரம் தண்ணீர் நின்றபோது குளியலறையில் உடம்பெல்லாம் சோப்போடு நின்றான். அவனுக்கு யாரும் உத்தரவிடவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

4

பிறகு சுவரைக் கட்டினான். கீழ்த்தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாமான் அறை உண்டு. தன் வீட்டுக்கான அறையில், முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்க்கும் அடுக்கிய ஜாடிகளுக்கும் நடுவே, யாரோ குப்பையில் எறிந்த கணினி ஒன்றை ஓட விட்டான். அதில் திறந்த பக்கம்தான் சுவர். வாசலில் இருக்கும் யாரும் தங்கள் கைப்பேசியிலிருந்தே எழுதலாம், படம் போடலாம். பெயர் தேவையில்லை. அழிக்கும் பொத்தான் கிடையாது.

முதல் பதிவு அவனுடைய அம்மா ராலித்சா எழுதியது. பல் செட்டு செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள். 'டேய், வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா.' சுதந்திரத்தின் முதல் சொற்கள் என்று யாவோர் அதைச் சட்டம்போட்டு மேலே நிறுத்தலாமா என்றுகூட நினைத்தான்.

கொஞ்ச நாள் அம்மாவும் ரொட்டியும்தான். பிறகு, எங்கள் வாசலில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் லிஃப்ட் பற்றி குரூப்பில் எழுதிய கட்டுரையை அத்தை அழித்தார். மேஜர் கோபத்தோடு சுவருக்குக் குடிபெயர்ந்தார். அவரைத் திட்டுவதற்காக மற்றவர்கள் வந்தார்கள். ஆகஸ்டுக்குள் வாசலே அங்கே இருந்தது. மேஜர் கார் நிறுத்தும் விதத்தைப் பார்த்தால் நாட்டின் எல்லை எப்படிக் காக்கப்பட்டது என்று புரிகிறது என ஒருவர் எழுதினார்.

"தம்பி, அதை எடுத்துடு" என்றார் மேஜர்.

"முடியாது மாமா. பொத்தானே இல்ல."

"ஒண்ணு செஞ்சு வையி."

"செஞ்சா நாளைக்கு உங்களுதையும் எடுப்பேன்."

"என்னுது நியாயமானதுப்பா."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க மாமா."

மேஜரைப் படிக்கட்டிலேயே நிறுத்தி வைத்து முழங்கால் வலிக்கும்வரை விளக்கினான். அதைக் கேட்டுக்கொண்டே நானும் படியேறினேன். உண்மையிலேயே பிரமாதமான பேச்சு. அதனால்தான் பின்னால் வருவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

5

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. பால்கனிகளில் எல்லாம் சிவப்புக் குடைமிளகாய் சுடும் புகை. இந்த மாதத்தில் த்ராகியாவில் லூத்தெனித்சா கிளறாத வீடு ஆள் இல்லாத வீடு. சுட்ட மிளகாயும் தக்காளியும் சேர்ந்து இறுகிய தொக்கு, வருடம் முழுக்க ரொட்டிக்கு. ராலித்சாவின் தொக்கு வாசல் முழுக்கப் பிரசித்தம். வீட்டுக்கு இரண்டு ஜாடி, துணி மூடி கட்டி, அவளே கொண்டுபோய்க் கொடுப்பாள்.

மதியம் யாவோர் சுவரைத் திறந்தான். மேலே புதிய பதிவு:

'ராலித்சா அம்மா தொக்கு... கடைத் தொக்கு... ஜாடி மட்டும்தான் வீட்டு ஜாடி...'

அது உண்மை. அவனுக்குத்தான் தெரியுமே. ஏழு வருடத்துக்கு முன் அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. அந்த ஒரு செப்டம்பருக்கு மட்டும் கடையில் வாங்கி ஜாடி மாற்றினாள். அந்த வருடம்தான் இதுவரை இல்லாத பாராட்டு. மேஜர் இன்னொரு ஜாடி கேட்டு வந்து நின்றார். அதன் பிறகு பழைய தொக்குக்குத் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. புகைக்காக மட்டும் பால்கனியில் நாலு மிளகாய் சுடுவாள். காலிக் கடை ஜாடிகளைப் பக்கத்துப் பேட்டைக் குப்பைத் தொட்டிவரை சுமப்பது யாவோரின் வேலை.

அம்மா சனிக்கிழமையும் பட்டறைக்குப் போயிருந்தாள். மாலை ஆறு மணிக்கு வருவாள். செருப்பைக் கழற்றி, காலை நீட்டி, சுவரைத் திறப்பாள். மகன் கட்டிய சுவர் என்று தினமும் ஒருமுறை பார்க்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

6

இங்கே கதை மூன்றாகப் பிரிகிறது. மூன்றையும் வைத்திருக்கிறேன்.

முதல் வழி: அவன் கொள்கையில் நிற்கிறான். பதிவு அப்படியே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி, எழுதியும் பார்த்தேன். [அம்மா கைப்பேசியைக் குப்புற வைத்தாள். பால்கனிக்குப் போய், மிளகாய் சுடும் அடுப்பின் ஒயரைச் சுருட்டி] சுருட்டி என்ன செய்தாள் என்று எழுத வரவில்லை. எனக்கும் வருடம் இரண்டு ஜாடி வருகிறது.

இரண்டாம் வழி: அழிப்பது. பொத்தான்தான் இல்லையே தவிர, கீழ்த்தளத்துக் கணினியில் உட்கார்ந்தால் ஒரே வரிக் கட்டளை போதும். யாவோர் போனான். ஊறுகாய் வாசனைக்கு நடுவே அந்த வரியைத் தட்டினான். கடைசித் தட்டு மட்டும் பாக்கி. மேஜரின் முழங்கால் நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டான்.

மூன்றாம் வழி: பேச்சுக்குப் பேச்சுதான் பதில் என்று அவனே சொல்வான். 'பொய்' என்று கீழே எழுதலாம். ஆனால் பதில் விழுந்த பதிவு சுவரின் உச்சிக்கு ஏறும். விவாதம் வளரட்டும் என்று அவனே அப்படி அமைத்திருந்தான்.

(வாசகரே, உங்களிடம் நான்காவது வழி இருந்தால் ஆறு மணிக்குள் சொல்லுங்கள்.)

அவனுக்கே தோன்றியது. சுவரின் முதல் பக்கத்தில் முப்பது பதிவுதான் தெரியும். புதியவை வந்தால் பழையது கீழே இறங்கி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அழிக்கவில்லை. நிறையப் பேசுகிறோம், அவ்வளவுதான். உடனே மென்பொருள் உரிமம் பற்றி ஒரு கருத்து எழுதினான். முக அடையாளம் காணும் கேமரா பற்றி ஒன்று. பள்ளிகளில் எந்த மென்பொருள் கற்பிக்க வேண்டும் என்று ஒன்று. நான்காவதோடு கருத்து தீர்ந்துவிட்டது. தன்னிடம் இருப்பது மொத்தம் நான்கு கருத்துதான் என்பது அவனுக்கே புதிய செய்தி.

7

கெனோவேவா அத்தை கதவைத் திறந்தார், கையில் இடுக்கியோடு.

"அத்தை, ஒரு உதவி."

"தெரியும். படிச்சேன்."

"நீங்க என் சுவரைப் படிக்கிறீங்களா?"

"பின்ன? என்னை யாரு என்ன திட்டறாங்கன்னு நான் பாக்க வேணாமா? உள்ள வா, மிளகாய் கருகுது."

பால்கனிவரை பின்னாலேயே போனான். "அந்த ரோஜாப் படமெல்லாம் வெச்சிருக்கீங்களா?"

அத்தை ஒரு மிளகாயைத் திருப்பிப் போட்டார். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு இடுக்கியில் தெரிந்தது.

"எத்தனை வேணும்?"

"எல்லாம்."

"அப்ப குரூப்ல சேரு. எனக்கு வேற மாதிரி அனுப்பத் தெரியாது."

"அத்தை, அந்த ஆப்போட ஒப்பந்தத்துல பதினேழாவது பிரிவுல—"

"அம்மா எப்ப வருவா?"

"ஆறு மணிக்கு."

"அப்ப பதினேழாவது பிரிவை நாளைக்குப் படி."

எதுவும் ஓடாத அந்தக் கைப்பேசியில் ஊதா ஆப் முதல் தட்டிலேயே ஓடியது. யாவோருக்கு அது இன்னும் ஆறவில்லை. ரோஜாக்கள் வரத் தொடங்கின. சிவப்பு, மஞ்சள், பனித்துளி போட்டது, பூனைக்குட்டி முகர்வது.

"அத்தை, அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. வாசல்ல எல்லாரும் படிச்சிருப்பாங்க. இனிமே எப்படி—"

"இனிமே என்ன இனிமே. இந்த வாசல்ல அது யாருக்குடா தெரியாது?"

"எது?"

"கடைத் தொக்குன்னு. மொத வருஷமே தெரியும். அதே தொக்கு என் வீட்லயும் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வாங்கிக்கிறீங்க?"

"வாசல்ல வந்து நின்னு குடுக்கறா. நல்லா இருக்குன்னு சொன்னா அவ மூஞ்சி எப்படி ஆகுது தெரியுமா? போ, போயி வேலையப் பாரு." பிறகு, மிளகாயைப் பார்த்தபடியே, "எழுதினது யாருன்னும் தெரியும். ஒவ்வொரு பேச்சுக்கும் மூணு புள்ளி வைக்கிற ஆளு இங்க ஒருத்தர்தான்" என்று பெயரைச் சொன்னார்.

8

படியில் உட்கார்ந்தே ஒவ்வொன்றாகப் போட்டான். இனிய காலை. இனிய காலை. புனிதரோடு இனிய காலை. மாலை ஐந்து மணிக்கு, சுதந்திரச் சுவரில், யாவோர் தன் கையாலேயே பொன்னெழுத்துகளை மினுங்க விட்டுக்கொண்டிருந்தான்.

பத்து போட்டிருப்பான். பதினோராவது அவன் போட்டதில்லை. யாரோ ஒரு டூலிப் போட்டிருந்தார்கள். அடுத்து ஒரு சூரியகாந்தி. பிறகு பூ கிடைக்காத யாரோ ஒரு டிராக்டர் படம் போட்டு 'இனிய காலை' என்று எழுதியிருந்தார்கள். அதில் மேஜர் மணம் வீசியது. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை, விளக்கவும் இல்லை. முதல் பக்கம் நிறைந்து, இரண்டாம் பக்கமும் பூத்துக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு ராலித்சா வந்தாள். செருப்பைக் கழற்றினாள். காலை நீட்டினாள். யாவோர் சமையலறை வாசலில் நின்று, கழுவிய தட்டையே திரும்பத் துடைத்தான்.

"என்னடா இது, கெனோவேவா உன் சுவருக்கும் வந்துட்டாளா?"

"யாரு வேணா வரலாம்மா. திறந்த சுவர்."

"நீதான் பூவப் பாத்தா எரிஞ்சு விழுவியே."

"அவங்கவங்க விருப்பம்."

"இந்த டிராக்டர் நல்லா இருக்கு" என்றாள். சிரித்தபடி விரலால் திரையை மேலே தள்ளினாள். ரோஜா, ரோஜா, பூனை, புனிதர். பக்கம் முடிந்தது. அடியில் 'பழைய பதிவுகள்' என்று சின்னதாக ஒரு சுட்டி. அவள் விரல் அதன் அருகே நிற்கிறது.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். விரலை உங்களிடம் விட்டுவிட்டேன். அழுத்துவதோ, கைப்பேசியை வைத்துவிட்டு டீ போட எழுந்திருப்பதோ உங்கள் விருப்பம். ஒன்றை மட்டும் கவனியுங்கள், அவளுக்குப் பூனைப் படம் மிகவும் பிடித்திருக்கிறது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. அந்தப் பதிவை எழுதியது யார் என்று கேட்பீர்கள். யாவோர் என்னிடம் சொன்னான். இது முழுச் சுதந்திரம் பெற்ற கதை, மறைக்க எனக்கு அனுமதியில்லை. எழுதியவர் பெயர் இதோ:

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது.]