இரண்டு பேர் எடை

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் காரை, சக்கரத்துக்கு ஒன்றாக, நான்கு மரக்கட்டைகளின் மேல் இறக்கினேன். சக்கரங்கள் தொங்கினால் அளவு பொய்யாகிவிடும். வண்டி தன் எடையோடு நிற்க வேண்டும். அப்போதுதான் சைலன்சர் பைப் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியும்.

சிவப்பு டாட்சன் 240Z. இரண்டே சீட். பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு லெக்ஸஸின் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்திருந்தேன். இந்தக் காரில் அந்த எஞ்சினுக்குப் பொருந்தும் பைப் எந்தக் கடையிலும் கிடைக்காது. வளைவுகளை வாங்கி, அறுத்து, ஒட்டி, வீட்டு ஷெட்டிலேயே செய்துகொள்ள வேண்டும். பக்கத்துக்கு ஒரு பைப். வலது பக்கம் ஸ்டீயரிங் தண்டு குறுக்கே வந்தது. அதைச் சுற்றிப் போக மட்டும் பதினோரு துண்டுகள்.

என் மனைவியின் தம்பி இக்சான் ஷெட் வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இடது சீட்ல ஆள் எடைக்கு ஒரு சிமென்ட் மூட்டையைப் போடு, மச்சான்."

"வேணாம்."

"ஸ்பிரிங் அறுத்துத் தாழ இறக்கின வண்டி. நம்ம கிராஸி பார்க்ல பத்து வீட்டுக்கு ஒரு ஸ்பீட் பிரேக்கர். ஊர்ல எவனாவது மூட்டை வைக்காம பைப் அளக்கிறானா?"

"சீட்டுக்குப் புதுத் தோல் போட்டிருக்கு."

"அப்ப நானே உக்கார்றேன்."

"நீ உக்காந்து அளந்தா பைப்பை வண்டிக் கூரை மேலதான் கொண்டு போகணும்."

சிரித்தான். சிகரெட்டைச் செருப்பில் அணைத்தான்.

"ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள அக்கா பதில் சொல்லணுமாம். அம்மாகிட்ட சொல்லியிருக்கா. உன்கிட்ட சொன்னாளா?"

என்னிடம் சொல்லியிருக்கவில்லை. கிரைண்டரை ஓடவிட்டேன்.

ருகையா ரியாத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கேட்கிறார்கள். இப்போது வருவது மூன்று வார விடுமுறைக்கு. அவள் போன பிறகு அந்த சீட்டில் நான் யாரையும் உட்காரவிட்டதில்லை. சிமென்ட் மூட்டையையும்தான்.

காலி சீட்டோடு அளந்தேன். பைப்புக்கும் தரைக்கும் நடுவே இவ்வளவு போதும் என்று கண்ணளவில் முடிவு செய்தேன்.

சனிக்கிழமை விமான நிலையத்திலிருந்து அவளை அழைத்து வந்தேன். இரண்டு பெரிய பெட்டிகள். பின்னால் வைத்தேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டாள்.

"பழைய எஞ்சின் இருமும். இது யாரையோ திட்டப் போற மாதிரி இருக்கு."

"பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னா சொன்னேன்?"

நெடுஞ்சாலையில் கியரின் மேல் இருந்த என் கைமேல் அவள் கையை வைத்தாள். அப்போது மூன்றாவது கியர். வீட்டுத் திருப்பம் வரும்வரை மூன்றாவதிலேயே வந்தேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

எங்கள் தெருவின் முதல் ஸ்பீட் பிரேக்கரில் பைப் தேய்த்தது. இடது பக்கம். நீளமான சத்தம். மதில்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ரீத்வான்! ரோட்டை உழுது என்னப்பா விதைக்கப் போற?"

ருகையா கண்ணாடியை ஏற்றினாள்.

"நான் குண்டாயிட்டேனா?"

"இல்ல. இளைச்சிருக்க."

"அப்புறம் ஏன் தேய்க்குது?"

"காலி சீட்டுக்கு அளந்துட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள்.

மறுநாள் காலை காற்று இல்லை. எதிர்வீட்டு முனீபா ஆன்ட்டி ஒரு தட்டு கூசிஸ்டர் கொடுத்தனுப்பினார். பொரித்த மாவுப் பலகாரம். பாகில் ஊறி, தேங்காய்த்தூள் ஒட்டி, இன்னும் சூடாக இருந்தது. ஞாயிறென்றால் எல்லா வீட்டிலும் அதுதான் காலை உணவு. படுக்கையறையில் பெட்டிகள் பூட்டியபடியே நின்றன. கைப்பையிலிருந்து பல் துலக்கும் பிரஷையும் ஓர் இரவு உடுப்பையும் மட்டும் எடுத்திருந்தாள்.

வண்டியை மறுபடி கட்டைகளின் மேல் ஏற்றி, இடது பைப்பைக் கழற்றி நடுவில் அறுத்தேன். ஒன்றரை சென்டிமீட்டர் ஏற்ற வேண்டும். மேலே கியர்பாக்ஸ். கொஞ்சம் கூடினால் அங்கே இடிக்கும். இந்த முறை எடை இல்லாமல் முடியாது.

"கடை மூடியிருக்குமே, சிமென்ட்டுக்கு எங்க போவ?" என்றாள் ருகையா. "நானே உக்கார்றேன்."

"அசையக் கூடாது."

"ஐசியூல பன்னெண்டு மணி நேரம் நிக்கிறவ நான். உக்காரத் தெரியாதா?"

இடது பக்கம் நேற்றைய எடையே வேண்டும். பெட்டிகளையும் தூக்கி வந்து பின்னால் வைத்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றினேன். வெல்டிங் சூட்டில் தீப்பிடிக்காமல் இருக்கத் தரை விரிப்பை உருவி எடுத்தேன். அவள் கூசிஸ்டர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். கதவைச் சாத்தினாள். வண்டி இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. கொஞ்சம்தான்.

அடியில் நுழைந்தேன். என் முகத்துக்கு ஒரு சாண் மேலே தகரம். தகரத்துக்கு மேலே அவள் பாதங்கள்.

பைப்பை ஏற்றிப் பிடித்து முதல் வெல்டிங் பொட்டு வைத்தேன்.

"கால் சுடுது."

"தள்ளி வை."

"அசையக் கூடாதுன்ன."

"காலை மட்டும் அசை."

அவள் சிரிப்பது தகரத்தில் கேட்டது. கொஞ்சநேரம் மென்றுகொண்டிருந்தாள்.

"அங்க என் ரூம் ஜன்னலுக்குக் கீழ பார்க்கிங். சாயங்காலம் ஒரு வண்டி வரும். எட்டு சிலிண்டர். நீ போன்ல கேக்க வெச்சியே, இதே மாதிரி. அது வர்ற நேரத்துக்கு ஜன்னலைத் திறந்து வெப்பேன். வெளிய நாப்பத்தஞ்சு டிகிரி. கூட இருக்கிற பிலிப்பைன்ஸ்காரி கத்துவா."

"யாரு வண்டி?"

"யாருக்குத் தெரியும்? ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்ல."

"ஏன்?"

"பார்த்தா வேற யாரோ இறங்குவான்ல."

இரண்டாவது பொட்டு. மூன்றாவது. புகை கண்ணில் ஏறியது. முகமூடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தேன்.

"என்ன பதில் சொல்லப் போற, ருகி?"

மேலே தட்டு நகர்ந்தது.

"இக்சான் சொன்னானா?"

"ம்."

"மொதல்ல நீ பைப்பை ஒட்டு. பன்னெண்டுக்கு முன்ன நான் உள்ள போய் போன் பண்ணணும்."

"இப்ப மணி என்ன?"

"பதினொண்ணு அஞ்சு."

நான்காவது பொட்டை வைத்தேன். பைப்பை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. கீழே மூன்று விரல் இடைவெளி. மேலே, கியர்பாக்ஸுக்கு ஒரு விரல். அளவு சரி. இனிக் கழற்றி மேஜையில் வைத்துச் சுற்றிலும் வெல்டிங் செய்ய வேண்டியதுதான். அதற்கு அவள் உட்கார வேண்டியதில்லை.

வெல்டிங் பிடியை மார்பின் மேல் வைத்துக்கொண்டேன். கையுறையைக் கழற்றினேன். அவள் குதிகால் இருக்கும் இடத்தில் தகரத்தை உள்ளங்கையால் தொட்டேன். சூடு இறங்கிக்கொண்டிருந்தது. பைப் டிக் டிக்கென்று ஆறியது. பிறகு அதுவும் நின்றது. எதிர்வீட்டு வாசலில் யாரோ கூசிஸ்டர் தட்டைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொல்வது கேட்டது. நான் கையை எடுக்கவில்லை.

"ரீத்வான், வெல்டிங் சத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சு. நான் எந்திரிக்கவா?"